ஃபொஸ்டரிங் ஏஜென்சி நடத்த ஒருத்தர் தகுதியான ஆளான்னு எப்படி முடிவு பண்றாங்க?

நம்ம இலங்கை மலையகத்துல இருந்து இங்கிலாந்துக்குப் போன புள்ளைங்க கொஞ்சப்பேரு அங்க கெயார் வேலைல சேந்து, பிறகு சோஷல் வேர்க் படிச்சு, இப்ப மேல மேல வந்துட்டாங்க. அதுல ஒன்னு ஊருக்கு கோல் எடுத்து "ஃபொஸ்டரிங் ஏஜென்சில மேனேஜர் வேலை கெடச்சிருச்சு, ஆனா ஒஃப்ஸ்டெட் இன்டர்வியூ இன்னும் முடியல"ன்னு சொன்னா ஹட்டன்ல இருக்கிற வீட்டாளுங்களுக்கு தலையும் புரியிறதில்ல காலும் புரியிறதில்ல. கொம்பனிதான் ஆள எடுத்திருச்சே, பிறகு ஒஃப்ஸ்டெட்ங்கிற கவர்மென்ட் இன்ஸ்பெக்ஷன் அமைப்பு எதுக்கு தனியா ஒரு இன்டர்வியூ வைக்கணும்? நல்ல கேள்விதான், அதுக்குத்தான் இத எழுதுறேன், சட்டம் கிட்டம் ஒன்னும் தெரியாதவங்களுக்கும் விளங்குற மாதிரி.

முதல்ல ஃபொஸ்டரிங்னா என்னன்னு சொல்லிடுறேன். பெத்தவங்களால பாத்துக்க முடியாத, இல்லாட்டி பெத்தவங்ககிட்டயே விட்டு வைக்கிறது ஆபத்துன்னு முடிவான புள்ளைய இன்னொரு குடும்பத்துல வச்சு வளர்க்கிறது. தத்தெடுக்கிறது வேற, இது வேற. தத்தெடுத்தா புள்ள சட்டப்படி அந்த வீட்டுப் புள்ளையாயிடும், ஃபொஸ்டரிங்ல அப்படி இல்ல, பெத்தவங்க பெத்தவங்கதான், நிலைமை சரியானா புள்ள திரும்பிப் போகலாம். நம்ம தோட்டங்கள்ல அம்மா சவூதிக்கோ குவைத்துக்கோ போனா புள்ள அம்மாயிகிட்ட வளருது, அது சொந்தத்துக்குள்ளயே முடிஞ்சிரும், யாரும் பைல் போட மாட்டாங்க. இங்கிலாந்துல கவுன்சில், அதாவது அங்கத்த உள்ளூராட்சி சபை, ஒரு புள்ளைய பொறுப்பெடுத்தா அந்தப் புள்ள எங்க தூங்குது, என்ன சாப்பிடுதுங்கிறது வரைக்கும் கவுன்சில்தான் பதில் சொல்லணும். கவுன்சில்கிட்டயே ஃபொஸ்டர் குடும்பங்க இருக்கும், பத்தலன்னா வெளிய இருக்கிற ஏஜென்சிகிட்ட கேக்கும். அந்த ஏஜென்சிதான் குடும்பங்கள தேடிப் புடிச்சு, வீட்டப் பாத்து, ட்ரெய்னிங் குடுத்து, ஒரு பெனல் வச்சு அனுமதி குடுத்து, பிறகு சோஷல் வேர்க்கர வச்சு கண்காணிக்கிறது. அதுக்கு கவுன்சில் ஒவ்வொரு புள்ளைக்கும் கிழமைக்கு இவ்வளவுன்னு காசு கட்டும்.

அப்ப யோசிச்சுப் பாருங்க, ஒரு ஃபொஸ்டர் வீடு மோசமாப் போனா அந்த வீட்டுல இருக்கிற புள்ளைங்களுக்குத்தான் பாதிப்பு, ஆனா ஏஜென்சிய நடத்துறவர் மோசமாப் போனா அவரு கைக்குக் கீழ இருக்கிற அத்தன வீடும் கேள்விக்குறியாயிடும். யாரு சரியான குடும்பம், யார வெளிய அனுப்பணும், எந்தக் கம்ப்ளெய்ன்ட மேல கொண்டு போகணும்னு தீர்மானிக்கிறது அவருதான்.

இந்த விஷயத்துல அவங்க ரொம்ப அடிபட்டுத்தான் பாடம் படிச்சிருக்காங்க. 1945 ஜனவரில டெனிஸ் ஓநீல்னு ஒரு பன்னெண்டு வயசுப் பையன் ஷ்ரொப்ஷயர்ல ஒரு பண்ணை வீட்டுல செத்துப் போனான், பட்டினி, அடி. அவன அங்க வச்சது வேல்ஸ்ல இருக்கிற நியூபோர்ட் கவுன்சில், பண்ணை இருந்தது ஷ்ரொப்ஷயர் கவுன்சில் ஏரியாவுல, இவங்க அவங்க பாப்பாங்கன்னு இருக்க அவங்க இவங்க பாப்பாங்கன்னு இருக்க யாரும் ஒழுங்காப் போய்ப் பாக்கல. வளர்ப்புத் தகப்பன் ஜெயிலுக்குப் போனான், சேர் வோல்டர் மொங்க்டன் விசாரணை வச்சாரு, அதுக்கப்புறம் கர்டிஸ் கமிட்டி 1946ல ரிப்போர்ட் குடுத்துச்சு, 1948ல சிறுவர் சட்டம் வந்துச்சு. அன்னைக்கு இருந்து அங்க சட்டத்துல ஒவ்வொரு வரியா ஏறிக்கிட்டே வந்திருக்கு.

இப்ப இருக்கிறது என்னன்னா, 2000ல வந்த கெயார் ஸ்டேன்டர்ட்ஸ் சட்டம், அதுக்குக் கீழ 2011ல வந்த ஃபொஸ்டரிங் சேர்விசஸ் ஒழுங்குவிதிகள். இது ரெண்டும் சேந்துதான் யாரு ஏஜென்சி நடத்தலாம்னு சொல்லுது. பதியாம நடத்துனா குற்றம். பதியிறதும் இன்ஸ்பெக்ஷன் போறதும் ஒஃப்ஸ்டெட், ஆமா ஸ்கூல் இன்ஸ்பெக்ஷன் போற அதே ஒஃப்ஸ்டெட்தான், 2007ல இருந்து இந்த வேலையும் அவங்க கையில. இது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து மூனுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கு, ஸ்கொட்லாந்துல லாபத்துக்கு ஃபொஸ்டரிங் ஏஜென்சி நடத்தவே ஏலாது. அதனால லண்டன்ல இருக்கிற சித்தப்பா சொன்னத கிளாஸ்கோல இருக்கிறவங்க அப்படியே எடுத்துக்க வேணாம்.

யார யாரப் பாக்குறாங்கன்னு கேட்டா, மூனு இடம். இத நம்ம தோட்டத்த வச்சு சொன்னா சட்டுன்னு புடிபடும். தோட்டத்த நடத்துறது கொழும்புல இருக்கிற கொம்பனி, அந்தக் கொம்பனி சார்பா வந்து கணக்குக் கேக்குற டைரக்டர் ஒருத்தர் இருப்பாரு, தோட்டத்துலயே பங்களாவுல இருந்து தினம் வேலைய நடத்துறது துரை. ஏஜென்சிலயும் அப்படித்தான், பதிவு எடுக்கிற ஆளோ அமைப்போ ஒன்னு, அது அமைப்பா இருந்தா அதுல மேனேஜர மேற்பார்வை பாக்கிற பொறுப்பாளர் ஒருத்தர், பிறகு அன்றாடம் நடத்துற மேனேஜர். மூனு பேருக்கும் தனித்தனியா தகுதி பாக்குறாங்க. துரை எவ்வளவு நல்லவரா இருந்தாலும் மேல இருந்து "இன்னும் கொழுந்து எங்க, இன்னும் கொழுந்து எங்க"ன்னு நெருக்குனா தோட்டம் என்னாகும்னு நமக்குத் தெரியாததா. கொம்பனி ஆள எடுத்த பிறகும் ஒஃப்ஸ்டெட் ஏன் கேள்வி கேக்குதுங்கிறதுக்கு பதிலும் இதுதான், ஆள எடுக்கிறவங்களையே சோதிக்க வேண்டியிருக்கு.

சட்டம் கேக்குறது என்னன்னு பாத்தா கொஞ்சம்தான். நேர்மையும் நல்ல நடத்தையும் இருக்கணும், வேலை செய்யிறதுக்கு உடம்பும் மனசும் ஒத்துழைக்கணும், மேனேஜருக்கு தகுதி, திறமை, அனுபவம் இருக்கணும், கேக்குற பேப்பர் எல்லாம் முழுசா இருக்கணும். நேர்மைன்னு சட்டத்துல எழுதிட்டாங்க, அத எந்தத் தராசுல போட்டு நிறுக்கிறது? அங்கதான் அந்தப் பேப்பர்கள் வருது.

அடையாளம், அதுவும் இப்ப எடுத்த ஃபோட்டோவோட. பொலிஸ் செக், அதுக்குப் பேரு டி.பி.எஸ், அதுலயும் கூடுன வகை. சாதாரண பொலிஸ் ரிப்போர்ட்ல தண்டனை, பொலிஸ் எச்சரிக்கை மாதிரி பதிவானது மட்டும்தான் வரும், இதுல தண்டனை இல்லாட்டியும் பொலிஸ்கிட்ட இருக்கிற சம்பந்தப்பட்ட தகவல், தேவைன்னு அவங்க நெனச்சா அதுவும் வரும், புள்ளைங்களோட வேலை செய்யத் தடை செஞ்ச ஆட்கள் லிஸ்ட்டுல பேர் இருக்கான்னும் பாப்பாங்க. படிப்புக்கு சர்டிபிகேட். ரெண்டு எழுத்து மூலமான ரெஃபரன்ஸ், அதுல ஒன்னு கடைசியா வேலை செஞ்ச இடத்துல இருந்து. புள்ளைங்களோடயோ பலவீனமான பெரியவங்களோடயோ முன்ன வேலை செஞ்சிருந்தா அந்த வேலைய ஏன் விட்டாங்கங்கிறத முடிஞ்ச வரைக்கும் உறுதிப்படுத்தணும். கடைசியா, முழு வேலை வரலாறு, இடையில காலி இருந்தா அதுக்கு எழுத்துல விளக்கம்.

ரெஃபரன்ஸ்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது நற்சான்றிதழ். கிராம சேவகர்கிட்ட ஒன்னு, கோயில் தலைவர்கிட்ட ஒன்னு, முடிஞ்சா துரைகிட்ட ஒன்னு. "இவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும், நன்னடத்தையுடையவர், இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்"னு எல்லாத்துலயும் ஒரே வசனம், பேரு மட்டும்தான் மாறும். எழுதுறவரும் பாவம் என்ன செய்வாரு, கேட்டு வந்தவன வெறுங்கையோட அனுப்ப ஏலுமா. ஆனா இந்த வேலைக்கு அந்தக் கடிதத்தால ஒரு பிரயோசனமும் இல்ல. இங்க கேக்குறது வேற, இவரு உங்ககிட்ட எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும் இருந்தாரு, என்ன வேலை, ஏன் போனாரு, இவரு மேல புள்ளைங்க சம்பந்தமா ஏதாவது முறைப்பாடு வந்துச்சா, திரும்ப வேலைக்கு எடுப்பீங்களா. கடைசிக் கேள்விக்கு பதில் எழுதாம விட்டாலே அது ஒரு பதில்தான், உடனே ஃபோன எடுத்துப் பேச வேண்டியதுதான்.

இவ்வளவு நோண்டுறது ஓவர்னு தோணுதா? ஃப்ரேங்க் பெக் கதைய சொல்றேன். லெஸ்டர்ஷயர்ல 1973ல இருந்து 1986 வரைக்கும் சிறுவர் இல்லங்கள நடத்துன ஆளு. அடங்காத புள்ளைங்களையும் வழிக்குக் கொண்டு வர்ற கெட்டிக்காரர்னு பேரு, ஊர்ல கவுன்சிலர் வேற. புள்ளைங்க சொல்லத்தான் செஞ்சாங்க, "அதுங்க பொய் சொல்லுற புள்ளைங்க"ன்னு அத ஒதுக்கிட்டாங்க. 1991 நவம்பர்ல கோர்ட் அந்த ஆளுக்கு அஞ்சு ஆயுள் தண்டனை குடுத்துச்சு, தன் பொறுப்புல இருந்த புள்ளைங்களுக்கே அவ்வளவு கொடுமை செஞ்சிருந்தாரு. அதுக்கப்புறம் வோர்னர் கமிட்டின்னு ஒன்னு போட்டு 1992ல சிறுவர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறது எப்படின்னு ரிப்போர்ட் குடுத்தாங்க, வேலை வரலாறத் துருவிப் பாக்கணும், ரெஃபரன்ஸ ஒழுங்கா வாங்கணும்ங்கிற பழக்கம் எல்லாம் அங்க இறுகுனது அந்தக் காலத்துலதான். ஊர்ல பேரு இருக்கு, மேடைல மாலை போடுறாங்க, பெரிய மனுஷங்களோட ஃபோட்டோ இருக்கு, இது எதுவுமே சாட்சி இல்லங்கிறதுக்கு இத விட என்ன வேணும்?

வேலை வரலாறுல காலி இடம் இருக்கிறத பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க தடுக்கி விழுற இடம் அதுதான். ஒருத்தங்க 2009ல இருந்து மஸ்கெலியா பக்கம் பாலர் பாடசாலைல டீச்சரா இருந்தாங்க, 2012 நடுவுல அத விட்டுட்டு இங்கிலாந்து போனாங்க, 2013 கடைசியில கெயார் ஹோம்ல வேலைன்னு வச்சுக்கோங்க. நடுவுல ஒன்றரை வருஷம் என்ன செஞ்சீங்க? கல்யாணம், புள்ளை, விசா, இவ்வளவுதான் விஷயம். அத அப்படியே எழுதுனா முடிஞ்சிது. ஆனா காலியா தெரியிறது வெக்கமா இருக்குன்னு பாலர் பாடசாலை வேலைய ஒரு வருஷம் இழுத்து விடுவாங்க. அங்க இருந்து ரெஃபரன்ஸ் வரும்போது தேதி இடிக்கும். இப்ப பிரச்சினை அந்த ஒன்றரை வருஷம் இல்ல, நேர்மைங்கிற முதல் படியே ஆட்டம் கண்டிருச்சு. அதே மாதிரிதான் பேர் விஷயமும். தோட்டத்துல பொறந்த நம்மள்ல பாதிப்பேருக்கு பொறப்புச் சான்றிதழ்ல ஒரு ஸ்பெல்லிங், ஐடென்டி கார்ட்ல இன்னொன்னு, ஸ்கூல் சர்டிபிகேட்ல மூனாவது ஒன்னு. அது நம்ம குற்றம் இல்ல, எழுதுன கிளார்க் காதுல விழுந்தபடி எழுதிட்டாரு. கேக்கிறதுக்கு முன்னாடியே ஒரு சத்தியக் கடதாசியோட சேத்துக் குடுத்தா யாரும் ஒன்னும் நெனைக்க மாட்டாங்க, அவங்க கண்டுபுடிச்ச பிறகு விளக்கம் சொல்லப் போனாத்தான் சிக்கல். டி.பி.எஸ் அங்கத்தை ரெக்கோர்டத்தான் பாக்கும், அதனால இங்க வாழ்ந்த காலத்துக்கு நம்ம பொலிஸ் தலைமையகத்துல எடுக்கிற க்ளியரன்ஸ் ரிப்போர்ட்டும் தேவைப்படலாம், அதுலயும் இதே பேர்ப் பிரச்சினை வரும், முன்கூட்டியே பாத்து வச்சுக்கோங்க.

பழைய குற்றம் ஒன்னு இருந்தா அவ்வளவுதானான்னு பயப்படுவாங்க. அப்படி இல்ல. புள்ளைங்களுக்கு எதிரான குற்றம்னா கதை முடிஞ்சிது, தடை லிஸ்ட்டுல இருந்தா பேச்சே இல்ல. இருவத்தி ரெண்டு வயசுல குடிச்சிட்டு கார் ஓட்டி ஃபைன் கட்டுனது இருவது வருஷம் கழிச்சு ஒரு ஆளோட தலையெழுத்த தீர்மானிக்காது, என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சு, அதுக்கப்புறம் எப்படி வாழ்ந்தாருன்னு பாத்து எடை போடுவாங்க. அவராவே சொன்னாரா, இல்ல ரிப்போர்ட் வந்த பிறகு "ஐயோ அது மறந்து போச்சு"ன்னாராங்கிறதும் அந்த எடையில சேரும்.

உடம்பு விஷயம் சீக்கிரம் சொல்லிடலாம், சீனி வருத்தம், பிரஷர் எல்லாம் பிரச்சினை இல்ல, வேலைய செய்ய முடியுமாங்கிறதுதான் கேள்வி. காசு விஷயத்துல, ஏஜென்சி நடத்தப் போறவர் வங்குரோத்துன்னு கோர்ட் அறிவிச்ச நிலைமையில இருந்தா முடியாது. இது காசு இல்லாதவன ஒதுக்கிறதுக்கு இல்ல, ஏஜென்சி நடுவுல மூடிக்கிட்டா புள்ளைங்கதான் அலையணும். தகுதின்னு வரும்போது மேனேஜருக்கு சோஷல் வேர்க்கோ புள்ளைங்களோட வேலை செய்யிறதுக்கான அதுக்கு இணையான படிப்போ எதிர்பாக்குறாங்க, மேனேஜ்மென்ட்டும் தெரியணும், கடைசி அஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டு வருஷமாவது ஃபொஸ்டரிங் சம்பந்தமான அனுபவம் வேணும். பத்து வருஷம் முதியோர் இல்லத்துல மேனேஜரா இருந்தேன்னு சொன்னா அது நல்ல அனுபவம்தான், இதுக்கு பத்தாது.

இப்ப இன்டர்வியூ. பேப்பர்ல எல்லாம் சரியா இருந்தாலும் ஆள உக்கார வச்சுப் பேசிப் பாக்காம விடமாட்டாங்க. கேள்விகள் எந்த மாதிரின்னு விளங்குறதுக்கு நானே ஒன்னு சொல்றேன். திங்கக்கிழமை காலைல ஸ்கூல்ல இருந்து கோல் வருது, ஒரு புள்ள டீச்சர்கிட்ட "ஃபொஸ்டர் அப்பா என்னைய அடிச்சாரு"ன்னு சொல்லியிருக்கு. அந்தக் குடும்பம் உங்க ஏஜென்சில பதினஞ்சு வருஷமா இருக்கு, எல்லாருக்கும் புடிச்ச குடும்பம், போன வருஷம் நீங்களே அவங்களுக்கு விருது குடுத்தீங்க. முதல்ல யாருக்கு ஃபோன் எடுப்பீங்க?

நம்மள்ல முக்கால்வாசிப்பேர் சொல்ற பதில் என்ன தெரியுமா, "முதல்ல அந்த அப்பாவக் கூப்பிட்டு என்ன நடந்துச்சுன்னு கேப்பேன்." நியாயமாத்தான் தோணும், ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவு பண்ணக்கூடாதுன்னுதானே நமக்கு சொல்லித் தந்திருக்காங்க. ஆனா இங்க அது தப்பான பதில். அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிட்டா சாயங்காலம் வீட்டுக்கு வர்ற புள்ளைகிட்ட என்ன பேசுவாரு? செய்ய வேண்டியது, இன்னைக்கு ராத்திரி அந்தப் புள்ள எங்க இருக்கப் போகுதுன்னு கவுன்சில் சோஷல் வேர்க்கரோட பேசி முடிவெடுக்கிறது, இந்த மாதிரி குற்றச்சாட்டுகளப் பாக்கிறதுக்குன்னே கவுன்சில்ல இருக்கிற அதிகாரிக்கு ஒரு வேலை நாளுக்குள்ள அறிவிக்கிறது, பாரதூரமானதா இருந்தா ஒஃப்ஸ்டெட்டுக்கும் சொல்றது. விசாரணைய நீங்களா நடத்தக்கூடாது. அந்த அப்பா பக்கமும் கேப்பாங்க, அவருக்கு ஆதரவா ஒருத்தர ஏற்பாடு பண்ணுவாங்க, ஆனா அது உரிய நேரத்துல உரிய ஆள் செய்யிற வேலை.

இன்னொன்னு. வெள்ளிக்கிழமை பின்னேரம் கவுன்சில் கோல் எடுக்குது, பதினாலு வயசுப் பையன், அவசரம், இடம் வேணும். உங்ககிட்ட ஒரு வீட்டுல ஒரு ரூம் காலி. அந்த வீட்டுல ஏற்கனவே ஆறு வயசுல ஒரு பயந்த புள்ள இருக்கு, இந்தப் பையன் சின்னப் புள்ளைங்கள அடிச்ச பழைய சம்பவம் பைல்ல இருக்கு. டைரக்டர் மெசேஜ் போடுறாரு, "ரூம் காலியாத்தானே இருக்கு, ஏன் வேணாம்னு சொல்றீங்க?" ஒரு புள்ள சேந்தா கிழமைக்குக் கிழமை காசு வரும்ல. அந்த எடத்துல "ஏலாது சேர், இந்த வீடு இந்தப் பையனுக்குப் பொருந்தாது"ன்னு எழுத்துல பதில் போடுற ஆளா இவரு? என்னையக் கேட்டா தகுதின்னு சொல்றதுல பெரிய பங்கு இதுதான். அன்பு, பாசம், சேவை மனப்பான்மை எல்லாம் அப்ளை பண்ற எல்லாரும் கொண்டு வருவாங்க. கெட்ட செய்திய மூடி வைக்காம தானே வெளிய கொண்டு வர்றதும், சம்பளம் குடுக்கிறவர்கிட்டயே முடியாதுன்னு சொல்றதும் எல்லாருக்கும் வராது, ஒஃப்ஸ்டெட் இன்ஸ்பெக்டர் சுத்தி சுத்தி கேக்குறதும் அதத்தான்.

தகுதின்னு ஒருக்கா முத்திரை குத்திட்டா ஆயுசுக்கும் செல்லும்னு இல்ல. பதிவு எடுத்த பிறகு ஏதாவது குற்றத்துக்கு தண்டனை வந்தா தாமதிக்காம எழுத்துல அறிவிக்கணும், மேனேஜர் இருவத்தெட்டு நாளோ அதுக்கு மேலயோ இல்லாமப் போறதா இருந்தா சொல்லணும், இன்ஸ்பெக்ஷன் வரும்போது திரும்பவும் பாப்பாங்க. மறுக்கிறதா இருந்தா முதல்ல "மறுக்கப் போறோம், இதுதான் காரணம்"னு நோட்டிஸ் வரும், பதில் சொல்ல 28 நாள். அப்பவும் மறுத்தா ட்ரிபியூனலுக்கு அப்பீல் போக 28 நாள். பதிவு கேக்கிற கட்டத்துல நான் தகுதியானவர்னு காட்ட வேண்டியது அப்ளை பண்றவர் பொறுப்பு, "எங்கிட்ட குறைய நிரூபிங்க பாப்போம்"னு கைய கட்டிக்கிட்டு நிக்க ஏலாது.

சரி, இதெல்லாம் அங்க. இங்க நம்ம நாட்டுல அந்த மாதிரி தனியார் ஃபொஸ்டரிங் ஏஜென்சி முறை இல்ல, ஆனா தகுதியான ஆள்ங்கிற சிந்தனை நம்ம சட்டத்துலயும் ரொம்பப் பழசு. 1939ம் ஆண்டு 48ம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்துலயே, பாதுகாப்புத் தேவைப்படுற புள்ளைய சொந்தக்காரரோ வேற யாரோ, தகுதியான ஒருத்தர் கிட்ட ஒப்படைக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. நன்னடத்தை உத்தியோகத்தர் போய்ப் பாத்து ரிப்போர்ட் குடுப்பாரு. அநாதை இல்லங்கள பதியிறதுக்கு 1941லயே சட்டம் வந்திருச்சு. 13வது திருத்தத்துக்குப் பிறகு இது மாகாண சபை விஷயமா ஆயிருச்சு, அதனால நுவரெலியாவுக்கு மத்திய மாகாணத் திணைக்களம், பதுளைக்கு ஊவா.

சட்டம் இருக்கு, ஆனா ஊர்ல நாம பாக்குறது வேற. யாராவது ரெண்டு மாடிக் கட்டடம் கட்டி, வெளிநாட்டுல இருந்து காசு கொண்டு வந்து, லயத்துப் புள்ளைங்கள தங்க வச்சுப் படிக்க வைக்கிறோம்னு போர்ட் போட்டா, திறப்பு விழாவுக்கு நாதஸ்வரத்தோட போறோம். பதிஞ்சிருக்கா, யாரு பொறுப்பு, அவரு இதுக்கு முன்ன எங்க இருந்தாரு, அங்க இருந்து ஏன் வந்தாருன்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல, கேட்டா "நல்லது செய்ய வந்தவங்கள சந்தேகப்படுறான் பாரு"ம்பாங்க. உங்க சொந்தத்துல ஒரு புள்ளைய அப்படி ஒரு இடத்துல விடுறதா இருந்தா பதிவுச் சான்றிதழக் காட்டச் சொல்லுங்க, காட்டலன்னா பிரதேச செயலகத்துல இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கிட்டயோ நன்னடத்தை ஒஃபிஸ்லயோ விசாரிங்க. வேற ஆள் மூலமா இல்லாம நேரா புள்ளைகிட்டயே போய்ப் பேச விடுறாங்களான்னும் பாத்துக்கோங்க. புள்ளைக்கு ஏதாவது நடக்குதுன்னு சந்தேகம் வந்தா தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட நம்பர் 1929, தமிழ்லயே பேசுங்க.